விழுவதற்கு முன்பா, பின்பா?

குடித்தவரின் ரத்தத்தில் உள்ள சாராயம் நேரம் போகப் போகக் குறையும். எடிதா ஹ்ருபாவின் ரத்தத்தில் அது கூடியிருந்தது. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் அவருடைய இழப்பீட்டுக் கோப்பை மேலே அனுப்பாமல் என் மேசையிலேயே வைத்திருந்தேன்.

குளிர்காலத்தில் எங்கள் அலுவலகத்துக்கு வருவதெல்லாம் முறிந்த எலும்புகள்தான். ப்ரெஸ்னோ பக்கத்து ஜனங்கள் பஸ் பிடித்து ஆஸ்திரியாவுக்குப் பனிச்சறுக்கு ஆடப் போவார்கள். நம் ஸ்லோவாக்கியாவில் இல்லாத பனியா என்று கேட்டால், அங்கே பாதை நீளம் என்பார்கள். நீளமான பாதையில் விழவும் அதிக இடம் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன். விழுந்தவர்களின் கோப்புகள் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவில் உள்ள எங்கள் இழப்பீட்டுப் பிரிவுக்கு வரும். பணம் கொடுக்கலாமா, கூடாதா என்று முதலில் பார்த்து எழுதுவது என் வேலை.

ஐரோப்பா முழுக்கச் செல்லும் நீல மருத்துவ அட்டை கையில் இருக்கும்போது தனிக் காப்பீடு எதற்கு என்று பலர் கேட்பார்கள். எனக்குப் பிடித்த கேள்வி அது. அந்த அட்டை, அரசு மருத்துவமனையின் வாசற்படியில்தான் வேலை செய்யத் தொடங்கும். விழுந்த இடத்திலிருந்து அந்த வாசற்படி வரை உள்ள வழி அதில் சேராது. மலையில் அந்த வழிக்குத்தான் விலை அதிகம். ஹெலிகாப்டர் வரும். அது பெரும்பாலும் அடிவாரத்துத் தனியார் மருத்துவமனையில் இறக்கும், அதுதான் பக்கம் என்பதால். பிறகு படுத்தபடியே ஊர் திரும்ப ஒரு வண்டி வேண்டும். இந்த மூன்றையும் தாங்குவதுதான் பனிச்சறுக்குப் பாலிசி. எடிதா அதை வாங்கியிருந்தார். ஆனால் அதில் ஒரு நிபந்தனை உண்டு: விபத்து நடந்த நேரத்தில் குடிபோதையில் இருந்தால் நிறுவனம் எதையும் தரவேண்டியதில்லை.

நடந்தது இதுதான். எடிதா ப்ரெஸ்னோ ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர். ஊர்க்காரர்களோடு பஸ்ஸில் போயிருக்கிறார். அகலமான, சுலபமான பாதையில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே விழுந்திருக்கிறார். தொடை எலும்பு முறிந்தது, தலையிலும் அடி. ஹெலிகாப்டர் கொண்டுபோய் இறக்கிய மருத்துவமனையில் ரத்தம் எடுத்தார்கள். சாராயம் இருந்தது. மயக்க மருந்து கொடுக்க வந்த மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, இப்போது வேண்டாம், இறங்கட்டும் என்று அறுவையைத் தள்ளிவைத்தார். பிற்பாடு திரும்ப எடுத்துப் பார்த்தால், முதலில் இருந்ததைப் போல இரண்டு மடங்கு.

எங்கள் பிரிவுத் தலைவர் ஔரேல் சார் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏதோ ஒரு சோதனையில் தப்பு நடந்திருக்கும் என்றார். கூடினால் என்ன, குறைந்தால் என்ன, சாராயம் சாராயம்தானே என்றார். அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது வேறொன்று. பஸ்ஸில் வந்த எல்லோரும் சேர்ந்து ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். அந்தப் பயணத்தில் ஒருவரும் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்திருந்தார்கள்.

"ப்ரெஸ்னோக்காரங்க ஒரு பஸ் முழுக்க ஸ்கீ ஆடப் போனாங்களாம். ஒரு சொட்டு குடிக்கலையாம்" என்றார் சார். "அந்த பஸ்ஸை அப்படியே மியூசியத்துல வைக்கணும், யுஸ்தினா."

"பொய்தான் சார். ஆனா ரத்தம் ஏன் ஏறுச்சு?"

"நீ கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் தேடினா நான் ரிட்டயர் ஆன பிறகும் இங்கேயே உக்காந்திருக்கணும்."

திட்டினாலும் அவர் கோப்பைப் பிடுங்கவில்லை. இந்த வாரத்துக்குள் முடித்துவிடு என்றார்.

ரத்தம் ஏறுவது எப்படி என்று சொல்கிறேன். குடித்தது நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. இரைப்பையில் கொஞ்ச நேரம் தங்கும். இரைப்பையின் அடியில் ஒரு கதவு உண்டு. அது திறந்து, குடித்தது சிறுகுடலுக்குள் இறங்கிய பிறகுதான் பெரும்பகுதி ரத்தத்தில் சேரும். ஈரல் மறுபக்கம் நின்று அதை ஒரே வேகத்தில் அழித்துக்கொண்டிருக்கும். ஒரு தொட்டிக்குள் குழாய் திறந்திருக்கிறது, அடியில் ஓட்டையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறினால் குழாய் இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். எடிதா மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தபோதும் அவர் வயிற்றிலிருந்து சாராயம் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அப்படியானால் அவர் அதைக் குடித்தது வெகு நேரத்துக்கு முன்னால் இல்லை.

இன்னொரு சாட்சியும் கோப்பிலேயே இருந்தது. கட்டிலில் போட்டதும் சிறுநீருக்குக் குழாய் வைத்திருக்கிறார்கள், அதையும் சோதித்திருக்கிறார்கள். அதில் சாராயம் கிட்டத்தட்ட இல்லை. ரத்தம் கைப்பை மாதிரி, இந்த நிமிஷம் என்ன இருக்கிறது என்று மட்டும் காட்டும். மூத்திரப்பை உண்டியல் மாதிரி, போன சில மணி நேரமாக விழுந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும். எடிதாவின் உண்டியல் காலி. காலையிலிருந்து ஊற்றிக்கொண்டிருந்த பெண் இல்லை இவர்.

எங்கள் மருத்துவ ஆலோசகரிடம் தொலைபேசியில் இதையெல்லாம் சொன்னபோது அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு முட்டுக்கட்டையும் போட்டார். குடித்தது விபத்தை ஒட்டி என்று மட்டும்தான் அறிவியல் சொல்லும் என்றார். மலை உச்சிக் கடையில் ஒரே மடக்கில் குடித்துவிட்டுச் சறுக்கி வந்து விழுந்திருந்தாலும் கணக்கு ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். விழுவதற்கு முன்பா, பின்பா? அதைச் சொல்ல ரத்தத்தால் முடியாது. அதற்கு ஆள் வேண்டும்.

ஆட்கள் ஒரு பஸ் நிறைய இருந்தார்கள். அத்தனை பேரும் யாரும் குடிக்கவில்லை என்கிறார்கள்.

நான் முதலில் எடிதாவைப் பார்க்கப் போனேன். ப்ரெஸ்னோவில் தெருவெல்லாம் உருகிய பனியும் சேறும். அவர் வீடு நாலாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். மருத்துவமனையிலிருந்து தூக்கி வந்த நாளிலிருந்து அவர் கீழே இறங்கவில்லை. கதவைத் திறந்தே வைத்திருந்தார், எழுந்து வந்து திறக்க முடியாது என்பதால். சமையலறையில், ஒரு காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைவிடச் சின்னவர். டீ போட்டுக்கொள்ளச் சொல்லி எனக்கே உத்தரவு போட்டார்.

கம்பியில் தொங்கிப் போகும் நாற்காலியில் ஏறி மலைமேலே போனது நினைவிருக்கிறது என்றார். வெயில் வந்தது, கண்ணாடியை மாற்றிக்கொண்டது நினைவிருக்கிறது. அடுத்து அவருக்கு நினைவில் இருப்பது மருத்துவமனைக் கூரை. நடுவில் உள்ளதைத் தலையில் பட்ட அடி துடைத்துக்கொண்டு போய்விட்டது.

"குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"குடிச்சிருக்க மாட்டேன்னுதான் நெனைக்கிறேன் அக்கா. ஸ்கீ மாட்டிக்கிட்டா நான் தொடமாட்டேன். ஆனா ரத்தத்துல இருந்துச்சுன்னு எழுதியிருக்காங்களே. எனக்கே தெரியாததுக்கு நான் எப்படி சத்தியம் பண்றது?"

பொய் சொல்ல வாய்ப்புக் கொடுத்தும் சொல்லாத ஆளை எங்கள் வேலையில் அடிக்கடி பார்க்க முடியாது. அந்த வீட்டைப் பற்றியும் நான் கேட்காமலே சொன்னார். விவாகரத்துக்குப் பிறகு வாங்கியதாம். இரண்டே அறை. ஹெலிகாப்டருக்கும் அறுவைக்கும் வண்டிக்கும் அவரே கொடுக்க வேண்டியிருந்தால், அதைக் கொடுக்க அவரிடம் இருப்பது இந்த இரண்டு அறைகள்தான். அழவில்லை. விலைக்குக் கேட்டு ஒருவர் வந்து அளந்துகூடப் பார்த்துவிட்டுப் போனார் என்றார்.

விழுந்ததும் பக்கத்தில் யார் வந்தார்கள் என்று கேட்டேன். வெந்தெலின் மாமாதான் முதலில் ஓடிவந்தாராம், மற்றவர்கள் சொல்லித் தெரியும் என்றார்.

வெந்தெலின், ப்ரெஸ்னோ சந்தைத் தெருவில் கசாப்புக் கடை வைத்திருக்கிறார். அந்தப் பஸ் பயணங்களை வருஷா வருஷம் ஏற்பாடு செய்பவர் அவர். ஆனால் வாழ்நாளில் ஸ்கீ மாட்டியதில்லை. எல்லோரும் மேலே போய்விட்டால், அடிவாரத்து மரமேசையில் உட்கார்ந்து ரொட்டிக்கு நடுவே பொரித்த இறைச்சித் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாராம். எல்லோருக்கும் அவர் மாமா.

நான் போனபோது தொத்திறைச்சியை முறுக்கி முறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். எங்கிருந்து வருகிறேன் என்று சொன்னதும், கை நிற்காமலே, யாரும் குடிக்கவில்லை என்றார். கடிதத்தில் இருந்த அதே வாக்கியம். கடிதத்தை எழுதியவர் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சிக்கல். எனக்கு என்ன பதில் வேண்டும் என்று எனக்குத் தெரியும். "விழுந்த பிறகு நீங்கள் ஏதாவது கொடுத்தீர்களா" என்று கேட்டால், புத்திசாலியான மனிதர் உடனே ஆமாம் என்பார். அந்த ஆமாம் எதற்கும் உதவாது. அது என் வாயிலிருந்து போய் அவர் வாய் வழியாகத் திரும்பி வந்ததாக ஆகிவிடும். ஆகவே நான் கேள்வி கேட்காமல், அவர் கடிதம் என்ன வேலை செய்கிறது என்பதை மட்டும் சொன்னேன்.

"ஐயா, எடிதா ரத்தத்துல சாராயம் இருந்தது. அது சந்தேகமே இல்லாத விஷயம். பஸ்ல வந்த யார்கிட்டயும் ஒரு சொட்டுகூட இல்லைன்னு நீங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அப்படின்னா எங்க ஆபீஸ்ல என்ன நெனைப்பாங்க? அந்தப் பொண்ணு உங்க யாருக்கும் தெரியாம, தனியா எங்கேயோ போய் வாங்கிக் குடிச்சிருக்குன்னு நெனைப்பாங்க."

அவர் கை நின்றது.

"எங்க லெட்டர் அப்படியா சொல்லுது?"

"வேற எப்படிப் படிக்கறது, சொல்லுங்க."

அவர் தொத்திறைச்சியைக் கீழே வைத்தார். கடையில் பூண்டும் புகையும் மணத்தன. வெளியே யாரோ கதவைத் தள்ளினார்கள். கொஞ்சம் கழித்து வா என்று கையைக் காட்டினார். எடிதாவின் வீட்டை யாரோ அளந்துவிட்டுப் போனார்களாமே, நிஜமா என்று என்னைக் கேட்டார். நிஜம் என்றேன். பிறகு நீண்ட நேரம் கையைக் கழுவினார்.

"அம்மா, நான் சொல்றதா இருந்தா அவ முன்னாடிதான் சொல்லுவேன்" என்றார். "கடையை மூடிட்டு வரேன்."

நாலு மாடி ஏறியதும் அவருக்கு மூச்சு வாங்கியது. எடிதா அவரைப் பார்த்து, இறைச்சி கொண்டுவராமல் வந்திருக்கிறீர்களே, யார் செத்தார்கள் என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை. எதிரே உட்கார்ந்து, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

அந்தப் பஸ்ஸுக்கு ஒரு விதி உண்டாம். அவரே வைத்த விதி. அவரிடம் எப்போதும் ஒரு பெரிய பிளாஸ்க் இருக்கும். ஸ்கீகள் எல்லாம் பஸ்ஸின் வயிற்றுக்குள் ஏறி, கதவு பூட்டிய பிறகுதான் அது திறக்கும். அதற்கு முன்னால் கடவுளே வந்து கேட்டாலும் ஒரு மூடி கிடையாது. முன்பு ஒரு பயணத்தில் யாரோ குடித்துவிட்டு வேலியில் போய் மோதியதிலிருந்து அப்படி. ஊரில் பெண்கள் தங்கள் புருஷன்மார்களை அந்தப் பஸ்ஸில் நம்பி அனுப்புவதே அந்த விதிக்காகத்தான்.

"அன்னைக்கு நான்தான் அதை மீறினேன். நீ விழுந்ததை மேசையிலேர்ந்து பார்த்தேன். ஓடினேன். ஒதடெல்லாம் நீலமாயிருச்சு, பல்லு அடிச்சுக்குது. ஏதாவது பண்ணணுமே புள்ள? ஊத்திட்டேன்."

"என்ன ஊத்துனீங்க?" என்று நான் கேட்டேன்.

"ஹ்ரியாத்தோ."

எங்கள் மலைப்பக்கத்தில் பிறந்த யாருக்கும் அதைச் சொல்லித்தர வேண்டாம். பன்றிக் கொழுப்பைச் சட்டியில் உருக்கி, தேன் விட்டு, அதில் சாராயத்தை ஊற்றிச் சூடாக்குவார்கள். சளிக்கு, குளிருக்கு, கல்யாணத்துக்கு, துக்கத்துக்கு எல்லாவற்றுக்கும் அதுதான். கொழுப்பு இரைப்பையின் கதவை நெடுநேரம் மூடிவைக்கும். வலியும் அதிர்ச்சியும் அதையே செய்யும். மூன்றும் சேர்ந்தால் சாராயம் நூல்போல இறங்கும். கட்டிலில் படுத்தவருக்கு மட்டம் ஏறிக்கொண்டே போனதற்கு இதைவிடப் பொருத்தமான பானம் கிடையாது. ஆஸ்திரிய மருத்துவருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

"ஏன் மாமா மறைச்சீங்க?" என்றார் எடிதா.

சாராயம் என்ற சொல் வந்தாலே இன்சூரன்ஸ்காரன் பணம் தரமாட்டான் என்று யாரோ சொன்னார்களாம். அதனால் பஸ்ஸில் சாராயமே இல்லை என்று ஆக்கிவிட்டால் எடிதா தப்பித்துவிடுவாள் என்று எல்லோரும் பேசி முடிவெடுத்தார்கள். விதியை மீறியது வெளியே தெரியவேண்டாம் என்ற எண்ணமும் தனக்கு இருந்தது என்று அவரே சொன்னார்.

எடிதா என்னைப் பார்த்தார். முடிந்ததா என்ற பார்வை. முடியவில்லை. ஔரேல் சார் என்ன கேட்பார் என்று எனக்கு மனப்பாடம். முதலில் அவளைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னார்கள், அது வேலைக்கு ஆகவில்லை, இப்போது இரண்டாவது பொய் என்பார். அவர் அப்படிக் கேட்பது நியாயமும்கூட. அதை இரண்டு பேரிடமும் மறைக்காமல் சொன்னேன். வெந்தெலின் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எல்லாம் வாய்க்குள் போயிற்றா, கொஞ்சம் சிந்தியதா என்று கேட்டேன். பாதிக்கு மேல் சிந்தியது, இருமினாள் என்றார்.

"எடிதா, அன்னைக்குப் போட்டிருந்த துணியெல்லாம் எங்கே?"

அவசர அறையில் உடைகளைக் கத்தரியால் வெட்டித்தான் எடுப்பார்கள். வெட்டியதைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு, வாயை முத்திரைப் பட்டையால் இறுக்கி, நோயாளியோடு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பை குளியலறை அலமாரியின் மேல் இருந்தது. எடிதா அதைத் திறக்கவே இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றார். நான் போய் எடுத்து வந்தேன். பட்டை அறுபடாமல் அப்படியே இருந்தது.

நான் பையை மேசை நடுவில் வைத்துவிட்டு விளக்கினேன். உட்கார்ந்தோ நின்றோ குடிக்கும்போது சிந்தினால் தாடை வழியாக நெஞ்சுக்கு வழியும். படுத்திருப்பவர் வாயில் ஊற்றினால் வாயோரமாகக் காதுப் பக்கம் ஓடும். வெறும் சாராயமாக இருந்தால் ஆவியாகிப் போயிருக்கும், ஒரு தடயமும் மிஞ்சாது. கொழுப்பு போகாது. அதனால் கறை எங்கே இருக்கிறதோ, அங்கே பதில் இருக்கிறது.

"ஐயா, திறக்கறதுக்கு முன்னாடி நீங்க சொல்லணும். அவங்க எப்படிப் படுத்திருந்தாங்க? எந்தப் பக்கம் சிந்துச்சு?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கைகளை முன்னால் நீட்டி, காற்றில் ஒரு தலையைத் தாங்குவதுபோல வைத்துப் பார்த்தார். மல்லாக்கக் கிடந்தாள், தலை சரிவில் இந்தப் பக்கம் திரும்பியிருந்தது, நான் இப்படி மண்டியிட்டேன் என்று தனக்குள்ளேயே முணுமுணுத்தார். பிறகு, "இடது பக்கம். அவளுக்கு இடது. ஹெல்மெட் வாரு இருக்கே, அதுக்குள்ள போச்சு" என்றார். நான் அதை அவர் வார்த்தையிலேயே எழுதி, நேரம் போட்டு, அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

எடிதா பையின்மேல் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுல இருந்துச்சுன்னா?"

"அதையும் எழுதுவேன்" என்றேன். "திறக்க வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பை உங்களோடது."

வெந்தெலின் வாயைத் திறந்தார். எடிதா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஜன்னலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவர் மனதில் ஓடியது வீடு மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒரு துண்டு அந்தப் பைக்குள் இருந்தது.

"அக்கா, அந்த இழுப்பறையில கத்தரி இருக்கு" என்றார்.

பையைத் திறந்ததும் வாடை வந்தது: ஈரம், வியர்வை, அதற்கு அடியில் கெட்டுப்போன கொழுப்பு. மேல்சட்டை கிடைத்தது, நடுவில் இரண்டாக வெட்டியிருந்தார்கள். வெளிர் நீலம், கறை நன்றாகத் தெரியும் நிறம். நெஞ்சுப் பகுதியை மேசையில் விரித்துத் தடவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். ஒன்றுமில்லை. அடுத்து கழுத்தில் மாட்டும் கம்பளித் துணி. அதையும் வெட்டியிருந்ததால் எது முன், எது பின் என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் திணறினேன். உள்பக்கத் துணிச்சீட்டை வைத்து எடிதாதான் சொன்னார். முன்பக்கம் சுத்தம். ஓர் ஓரத்தில், விரல் அகலத்தில் தொடங்கி அகன்றுகொண்டே போகும் கறை இருந்தது. தொட்டால் மெழுகு மாதிரி வழுக்கியது. அந்தத் துணியை எடிதா தன் கழுத்தில் வைத்துக் காட்டினார். கறை இடது வாயோரத்துக்குக் கீழே ஆரம்பித்து இடது காதுக்குப் பின்னால் போயிற்று.

ஹெல்மெட்டும் பையின் அடியில் இருந்தது. அதன் இடது காது மெத்தையை வெந்தெலின்தான் விரலால் அழுத்திப் பார்த்தார். முகர்ந்தார். நாற்பது வருஷமாகக் கொழுப்போடு வாழ்கிற மூக்கு.

"என்னோடதுதான்" என்றார். "தேன் அதிகம்."

எடிதா சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு கறை படிந்த துணியைக் கீழே வைக்காமல் வெகுநேரம் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும் முன் வெந்தெலினிடம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குச் சொல்லப் பிடிக்கவில்லை, ஆனால் அடுத்த வருஷமும் பஸ் போகும். அடிபட்டவருக்கு வாய் வழியாக எதையும் கொடுக்கக் கூடாது என்றேன். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுக்க முடியாது, வாந்தி மூச்சுக்குழலில் போய்விடும். எடிதாவின் அறுவை தள்ளிப்போனதற்குக் காரணம் அந்த பிளாஸ்க்தான். அவர் நம்பாமல் எடிதாவைப் பார்த்தார். எடிதா தோளைக் குலுக்கினார்.

"அப்ப என்னதான் குடுக்கறது?"

"ஒண்ணும் குடுக்கக் கூடாது. கோட்டைக் கழட்டிப் போர்த்தி விடுங்க. அசைக்காதீங்க. பேச்சுக் குடுங்க."

"வெறுங்கையோட எப்படிம்மா பக்கத்துல உக்கார்றது" என்றார்.

துணியையும் ஹெல்மெட்டையும் ஔரேல் சார் மேசையில் வைத்தபோது அவர் முதலில் ஜன்னலைத் திறந்தார். பிறகு மூக்கைப் பொத்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கறையைத் தன் கழுத்தில் வைத்துப் பார்த்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு கோப்பைத் தண்ணீரை வேண்டுமென்றே வாயோரமாகச் சிந்திப் பார்த்தார். சட்டைப்பை நனைந்தது. தரையில் படுத்தும் சிந்திப் பார்க்கிறீர்களா என்று நான் கேட்டேன். வேண்டாம், எழுப்பிவிட ஆள் தேடவேண்டியிருக்கும் என்றார். கசாப்புக்காரர் நேரில் வந்து, பழைய கடிதம் பொய் என்று சொல்லிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று மட்டும் நிபந்தனை வைத்தார். வெந்தெலின் மறுநாளே வந்தார். அவரோடு பஸ்ஸில் போன பாதிப் பேரும் வந்து, வரவேற்பறையில் நிற்க இடமில்லாமல் செய்தார்கள்.

ஆலோசகரும் எழுதிக் கொடுத்துவிட்டார்: விபத்து நடந்த நேரத்தில் எடிதாவின் ரத்தத்தில் சாராயம் இல்லை. ஹெலிகாப்டர், அறுவை, வண்டி மூன்றும் எங்கள் பொறுப்பு.

நானே எடிதாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வீட்டை அளந்தவருக்கு இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றார். நன்றி சொன்னார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் குடிக்கலைன்னா, அந்தச் சுலபமான பாதையில நான் ஏன் விழுந்தேன்?"

அது எங்களுக்குத் தேவையில்லை என்றேன். காரணமில்லாமல் விழுகிறவர்களுக்காகத்தான் காப்பீடு என்றேன். அவருக்கு அது போதவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் போதவில்லை.

"நாற்காலியில போகும்போது வெயில் வந்துச்சுன்னு சொன்னீங்களே" என்றேன். "நீங்க விழுந்த இடத்துக்குப் பக்கத்துல மரம் ஏதாவது இருந்துதா?"

"வரிசையா இருக்கும். ஏன்?"

நான் கோப்பைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். வெயில் பட்ட பனி இளகும், பக்கத்திலேயே மரநிழல் விழுந்த பனி கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டும்போது ஸ்கீயின் விளிம்புக்கு என்ன ஆகிறது தெரியுமா என்று ஆரம்பித்தேன்.

"இருங்க, டீயை எடுத்துக்கிறேன்" என்றார் எடிதா.